முதுகு மட்டும் காட்டிய ஆந்தை

மாமரத்துக்குள் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. இலைகளில் பனி ஈரம் காயவில்லை. தேன்சிட்டுகள் சில, தையல்சிட்டு ஒன்று, வாலுக்கடியில் சிவப்பு வைத்த கொண்டைக்குருவி ஜோடி ஒன்று, எல்லாம் கூட்டுச் சேர்ந்து ஒரே கிளையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. ஒன்று பாயும், பயந்து பின்வாங்கும், உடனே அடுத்தது பாயும். அத்தனை அலகுகளும் திறந்து திறந்து மூடின. சின்னத் தொண்டைகள் துடிப்பதுகூடத் தெரிந்தது.

சத்தம்தான் இல்லை.

எனக்கு இல்லை என்று திருத்திச் சொல்கிறேன். பக்கத்தில் நின்ற என் தோஸ்த் ரஃபீக் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இன்னா கத்து கத்துதுங்க பாரு, காதைக் கிழிக்குது" என்றான். அவன் உதட்டைப் பார்த்துத்தான் அதைப் புரிந்துகொண்டேன். "ஆமாண்டா, ஒரே பேஜாரு" என்று நானும் முகத்தைச் சுளித்து வைத்தேன்.

குடியாத்தத்திலிருந்து பேர்ணாம்பட்டுப் பக்கம் போகிற வழியில் மலை இறங்கி வந்து நிலத்தைத் தொடுகிற இடம் அது. ரஃபீக்குக்குத் தெரிந்தவரின் மாந்தோப்பு. தோப்பு முடிகிற வரப்புக்கு அந்தப் பக்கம் காடு. யானை வரும் என்பதால் நாங்கள் வரப்பைத் தாண்டுவதில்லை.

சண்டை நடந்த கிளையில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு சின்ன ஆந்தை. மைனா அளவுதான் இருக்கும். அதற்காகத்தான் வாரக்கணக்கில் அங்கே வந்துபோய்க்கொண்டிருந்தோம். ஆனால் அது எந்த வகை ஆந்தை என்பது தெரியவில்லை. குரலைக் கேட்டால் சொல்லிவிடலாமாம். அதனால் பார்ப்பது ரஃபீக்கின் வேலை, கேட்பது என் வேலை என்று பிரித்துக்கொண்டிருந்தோம்.

கேட்பது என் வேலை! இந்தக் காதை வைத்துக்கொண்டு! இந்தக் கூத்து எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும்.

தெருவில் நின்றே சொல்கிறவன்

தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்கள், 'மறுபடியும் தறிக்கொட்டகையா?' என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இன்றுதான் முதல்முறை வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை: என் பெயர் ஏகாம்பரம். குடியாத்தத்தில் விசைத்தறியில் லுங்கி நெய்து பிழைத்தவன். இப்போது தறிகளை மகன் பார்த்துக்கொள்கிறான். நான் மேற்பார்வை என்ற பெயரில் அவன் வழியில் குறுக்கே நிற்கிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எனக்கு ஒரு பேர் இருந்தது. யார் வீட்டுத் தறியாவது மக்கர் செய்தால் ஃபிட்டரைக் கூப்பிடுவதற்கு முன் என்னைக் கூப்பிடுவார்கள். நான் உள்ளே போகவே மாட்டேன். வாசலில் நிற்பேன். ஓடுகிற தறிகளின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்வேன்.

"ரெண்டாவது தறி. நூல் கொண்டுபோற நாடாவ அடிக்கிற தோல் பட்டை நைஞ்சுபோச்சு. மாத்திடு."

மாற்றுவார்கள். தறி ஒழுங்காக ஓடும். "ஏகாம்பரம் காது காது இல்லப்பா, மிஷினு" என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இரண்டு கை கூடவே இறங்கும். எனக்கு நிலமில்லை, படிப்பில்லை. காதுதான் சொத்து என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சொத்தைத் தறி ஒரு பக்கம் தின்றுகொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்? கொட்டகைக்குள் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. எங்களுக்குக் கேட்கவும் வேண்டாம். உதட்டைப் பார்த்துப் பேசுவோம். ஊடை நூல் அறுந்தால் இரண்டு விரலைக் கத்தரி போல ஆட்டினால் போதும். டீ என்றால் கட்டை விரல். ஓனர் வருகிறார் என்றால் மீசையை ஒரு தடவு. மீசையில்லாத ஓனருக்கும் அதே சைகைதான்.

இப்படி உதட்டைப் பார்த்தே வாழ்ந்த மனுஷனுக்குக் காது எப்போது போயிற்று என்று தெரியுமா? தெரியாது. வீட்டிலும் உதட்டைத்தான் பார்த்தேன். தறியின் நோயைக்கூடக் கடைசி வருஷங்களில் வாசற்படியில் ஊன்றிய பாதத்தால்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். காதுதான் வேலை செய்கிறது என்ற நினைப்பு.

குருவி செத்த தெரு

சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் தெருவில் சிட்டுக்குருவிகள் ஒழிந்துபோயின. நான்தான் முதலில் கண்டுபிடித்தேன்.

டீக்கடையில் பெஞ்சு தட்டிப் பேசினேன். செல்போன் டவர்தான் காரணம் என்றேன். "ஒரு குருவிச் சத்தம் கேக்குதாய்யா? சொல்லுங்க, யாருக்காவது கேக்குதா?" என்று சவால் விட்டேன். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். "இல்லப்பா" என்றார் ஒருவர். "சுத்தமா இல்ல" என்றார் இன்னொருவர். தெருவே ஒத்துக்கொண்டது. எனக்கு எவ்வளவு பெருமை! ஊருக்கு ஒரு நியாயத்தை எடுத்துச் சொன்ன மாதிரி நடந்து வீட்டுக்கு வந்தேன்.

மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் தேவி வந்தாள். திமிரிப் பக்கம், நெல்லும் கடலையும் போடுகிற குடும்பம். ஒரு நாள் காலை அவளிடமும் இதே பிரசங்கத்தை ஆரம்பித்தேன். அவள் இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள்.

"இன்னா மாமா, குருவியே இல்லன்றீங்க? மோட்டார் ரூம் பல்பு மேல கூடு கட்டிக்கினு விடியறதுக்கு முன்னாடியே கத்துதுங்க. தூங்கவே முடியல."

எழுந்து போய்ப் பார்த்தேன். பல்பின் மேல் வைக்கோல் தொங்கியது. ஒயரில் ஒரு ஆண்குருவி உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"அது எங்க கத்துது? சும்மா வாயத் தொறக்குது" என்று சிரித்தேன்.

தேவி சிரிக்கவில்லை. என் மனைவி சரசுவைப் பார்த்தாள். சரசு தரையைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குருவிகள் இத்தனை வருஷமும் என் தலைக்கு மேலேயே இருந்திருக்கின்றன. சத்தம் வந்தால்தானே தலையைத் தூக்குவோம்? எனக்கு வரவில்லை, தூக்கவில்லை. டீக்கடையில் எனக்குத் தலையாட்டிய கூட்டத்தை நினைத்துப் பார்த்தேன். அத்தனை பேரும் தறிக்காரர்கள்.

வேலூரில் ஒரு காது டாக்டர் என்னைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார். ஆரம்பத்தில் நன்றாக அமுக்கினேன். பிறகு வெகு நேரம் எதுவுமே வரவில்லை. மிஷின் நின்றுவிட்டது என்று கையைத் தட்டி அவரைக் கூப்பிட்டேன். மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம்.

"தடிச்ச சத்தம் கேக்கும். மெல்லிசான சத்தம் போனது போனதுதாங்க, திரும்பி வராது" என்றார். குருவி, கொசு, கொலுசு, பெண்கள் மெதுவாகப் பேசுவது எல்லாம் அந்த மெல்லிசுக் கணக்கில் போயிருந்தன. பதிலுக்கு ராத்திரி பகலாகக் காதுக்குள் ஓர் இரைச்சல் குடிவந்திருந்தது. அதை நான் உடம்புச் சூடு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தேன்.

காதில் மாட்டுகிற மிஷினை வேண்டாம் என்றேன். வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று வீட்டில் சத்தியம் வாங்கினேன். காது போனவனைக் கல்யாணத்துக்கு அழைப்பார்கள், பேச்சுக்கு அழைக்க மாட்டார்கள். கொஞ்ச நாள் உரக்கச் சொல்வார்கள், அப்புறம் 'அது ஒண்ணுமில்ல' என்பார்கள், அப்புறம் அதுவும் இல்லை. எங்கள் தெருவில் அப்படி ஆனவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதுதான் பயம், செத்துப்போவதைவிடப் பயம்.

"உங்க மானம் வெளிய போகக்கூடாதுன்னுட்டு, நான் தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தணும், அப்படித்தானே?" என்றாள் சரசு. அதை நன்றாகவே கத்திச் சொன்னாள்.

தோல்காரன் எடுத்த படம்

ரஃபீக் என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். ஆம்பூர்ப் பக்கம் தோல் கம்பெனியில் காலமெல்லாம் தோலைத் தரம் பிரித்துவிட்டு ஓய்வு பெற்றவன். வடக்குப் பார்த்த ஜன்னலடியில் மேஜை போட்டிருப்பார்கள். தோலை விரித்துப் போட்டால் உண்ணி கடித்த இடம், முள் கிழித்த கோடு, அம்மை வந்து ஆறிய தடம் என்று ஒரு பார்வையில் பிடித்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று வீசிக்கொண்டே இருப்பான்.

வேலை நின்றதும் அந்தக் கண்ணுக்குத் தீனி இல்லாமல் போய்விட்டது. வீட்டில் சோபா உறையைத் தரம் பிரிக்க ஆரம்பித்தான். அவன் மகள் தொல்லை பொறுக்காமல் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்து, "பறவை எதுனா புடிங்க வாப்பா" என்று வெளியே அனுப்பினாள். அதிலிருந்து பிடித்தது பைத்தியம்.

மாந்தோப்பில் அவன் பார்த்த சின்ன ஆந்தையின் படங்களை ஒரு நாள் என்னிடம் காட்டினான். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. எல்லாம் முதுகு.

"இன்னாடா இது? மூஞ்சியே இல்ல?"

"மூஞ்சி எதுக்குடா? தோல்ல முதுகுதான் மாலு. கழுத்து, வயிறெல்லாம் வெல கம்மி."

"இது ஆந்தைடா! ஷூ தைக்கப் போறியா?"

அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டான். "அது ரெண்டு மூணு தபா திரும்பி முறைச்சுது ஏகா. படம் கெட்டுடும்னு கேமராவ எறக்கிட்டு, மறுபடி முதுகக் காட்டுற வரைக்கும் நின்னேன்" என்றான். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறியது. அவன் முதுகில் தட்டினான், அதுவும் தரம் பார்க்கிற மாதிரியே தட்டினான்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்ப் பக்கம் பொந்திலும் பழைய சுவரிலும் சாதாரணமாக இருப்பது புள்ளி ஆந்தை. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம். காட்டில் இருக்கிற சின்ன ஆந்தை வேறு. அதற்குத் தலையிலிருந்து முதுகு வரை நெருக்கமாகக் குறுக்குப் பட்டைகள்தான், புருவம் அவ்வளவாகத் தெரியாது, இறக்கையில் கொஞ்சம் செம்பழுப்பு. ரஃபீக்கின் படங்களில் விடியற்காலை மங்கலும் கை நடுக்கமும் சேர்ந்து, பட்டையா புள்ளியா என்று பிரிக்க முடியவில்லை. ஒரு மூஞ்சி இருந்திருந்தால் போதும்.

போனில் அவன் சேர்ந்திருந்த பறவைக் குழுவில் படங்களைப் போட்டான். அந்தத் தோப்பில் காட்டு ஆந்தை இருப்பதாக இதுவரை யாரும் சொன்னதில்லை, புள்ளி ஆந்தையாகத்தான் இருக்கும் என்றார்கள். ஒருவர் மட்டும், குரலைக் கேளுங்கள், அது ஏமாற்றாது என்று எழுதியிருந்தார்.

"ஊர் ஆந்தை கிறீச்சு கிறீச்சுனு சண்ட போடற மாதிரி கத்துமாம். காட்டு ஆந்தை மெதுவா ஆரம்பிச்சு வேகம் புடிக்குமாம். எனக்கு சத்தம் கேக்கும், ஆனா பிரிக்க வராதுடா. எனக்குக் கண்ணு, உனக்குக் காது. தெருவுல நின்னே தறிக்கு வைத்தியம் பார்த்தவன் நீ. நீ வந்து சொல்லு."

"போன்ல பதிவு பண்ணக்கூடாதா?" என்று தப்பிக்கப் பார்த்தேன்.

"பண்ணேனே. சட்டைப் பையில வெச்சுக்கினேன். பை உரசுற சத்தம்தான் வருது."

சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். வாய் வரை வந்தது. ஆனால் எவ்வளவு காலத்துக்கு அப்புறம் ஒருவன் என் காதை நம்பி வந்திருக்கிறான்! "வர்றேன்டா" என்று சொல்லிவிட்டேன்.

கேட்காத காலைகள்

அப்புறம் நாங்கள் போன காலைகளில் அது கத்தியதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் ரஃபீக்கின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் புருவம் உயர்ந்தால் நானும் உயர்த்துவேன். அவன் உதட்டைப் பிதுக்கினால் நானும் பிதுக்குவேன். திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து, நாளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசிப்பேன்.

ஆனால் மறுநாள் காலை நான்தான் முதலில் கிளம்பி நிற்பேன். காரணம் அந்த ஆந்தை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை.

ஆந்தை என்றால் பகலில் தூங்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இது அப்படி இல்லை. பனிக்கால வெயில் ஏறும்போது இலைக்கூட்டத்திலிருந்து வெளியே வந்து பட்ட கிளையில் உட்கார்ந்து காயும். உடம்பை உப்பிக்கொள்ளும்போது பருத்திப் பந்து. ஏதாவது அசைந்தால் போதும், அப்படியே ஒடுங்கி, ஒடிந்த கிளையின் முண்டு போல ஆகிவிடும். நாம் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்போம், ஆனாலும் எங்கே போயிற்று என்று கண் தேடும்.

ஒரு தடவை கிளையிலிருந்து கல் விழுவது போல விழுந்தது. புல்லிலிருந்து எழும்பும்போது காலில் ஒரு பெரிய பச்சை வெட்டுக்கிளி. அதைத் தலையோடு பிடித்து, நிதானமாக, குழந்தை கரும்பு கடிக்கிற மாதிரி கடித்துத் தின்றது. சில்வண்டு, ஓணான், எலிக்குஞ்சு, சமயத்தில் சின்னக் குருவிகூட அதற்கு உணவுதான் என்று ரஃபீக் சொன்னான். அதனால்தான் சிட்டுகளெல்லாம் கூடிக்கொண்டு அதை விரட்டுகின்றன. பறக்கும்போது வேகமாகச் சில அடி இறக்கை அடிக்கும், பிறகு மிதக்கும். மரங்கொத்தி குடைந்து விட்டுப்போன பொந்து ஒன்றில் அதன் குடித்தனம்.

முதல்முறை அது திரும்பிப் பார்த்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உடம்பு அந்தப் பக்கமே இருந்தது, ஒரு இறகுகூட அசையவில்லை. தலை மட்டும் திரும்பிக்கொண்டே வந்தது. இதற்கு மேல் திரும்பாது என்று நினைத்த இடத்தைத் தாண்டியும் திரும்பி, முதுகுக்கு மேல் முகம் வைத்து என்னைப் பார்த்தது. மஞ்சள் கண்கள். புருவத்தைக் கவனிக்கத் தோன்றவில்லை, ரஃபீக் கேமராவைத் தூக்குவதற்குள் ஒவ்வொரு தடவையும் அது திரும்பிக்கொள்ளும். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அறுபதைத் தொடப்போகிற ஆள், ஒரு கைப்பிடி அளவுப் பறவைக்கு முன்னால் கைகட்டி நின்றேன்.

தொண்டையும் சத்தமும்

மாமரத்துச் சண்டைக்குத் திரும்புகிறேன்.

சிட்டுகளுக்கு அலுத்துவிட்டது போலும், ஒன்றொன்றாகக் கலைந்து போயின. ஆந்தை சாவகாசமாகத் தாவி வந்து, காட்டுப் பக்கம் பார்த்த பட்ட கிளையில் உட்கார்ந்தது. வழக்கம் போல முதுகு. ரஃபீக் கேமராவைத் தூக்கிக்கொண்டு, "திரும்பு ராஜா, திரும்பு" என்று உதட்டை அசைத்தான்.

அது பக்கவாட்டில் நகர்ந்தது. அலகுக்குக் கீழே வெள்ளையாக ஒரு திட்டு. அது மெல்ல உப்புவதைப் பார்த்தேன்.

என் காதின் இரைச்சலுக்குள் புதிதாக ஒன்று சேர்ந்தது. 'க்ராவ்.'

போச்சு, இது வேறு ஆரம்பித்துவிட்டதா என்று நினைத்தேன். டாக்டர் எச்சரித்திருந்தார், இரைச்சல் மாறலாம் என்று. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும், 'க்ராவ்.' விரலைக் காதில் விட்டுக் குடைந்தேன். அடைத்தபோது அது மங்கியது. எடுத்தால் தெளிவாக வந்தது. உள்ளே இருக்கிற இரைச்சல் விரலுக்கு அடங்காது, அதை எத்தனை முறை அமுக்கிப் பார்த்திருக்கிறேன்!

ஆந்தையைப் பார்த்தேன். வெள்ளைத் திட்டு உப்பியது, க்ராவ். அடங்கியது. உப்பியது, க்ராவ். தொண்டை அசைந்த அதே நேரத்தில் சத்தம் வந்தது. என் கண் பார்த்ததையே என் காதும் கேட்டது.

அப்படியே நின்றுவிட்டேன். முதலில் நிதானமாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சுவிட இடம் கொடுத்து வந்தது. பிறகு ஒவ்வொரு க்ராவுக்கும் வாலாக ஒரு 'குக்' ஒட்டிக்கொண்டது. க்ராவ்-குக், க்ராவ்-குக். இடைவெளி சுருங்கியது, வேகம் ஏறியது, இனிமேல் அதற்கு மூச்சுத் திணறும் என்று தோன்றியது. மைனா அளவு உடம்பிலிருந்து இவ்வளவு தடித்த குரல் எங்கிருந்து வருகிறது? காலையில் அந்தத் தோப்பில் எத்தனையோ பாடியிருக்கும், அத்தனையும் எனக்குப் பூட்டிய கதவு. இது ஒன்று மட்டும் நேராக உள்ளே வந்தது. நாசமாய்ப் போன என் காதில் மிச்சமிருந்த இடத்துக்குச் சரியாக அளவெடுத்து ஒரு குரலை அந்தப் பறவைக்கு வைத்திருந்தார்கள்.

உச்சத்தில், சட்டென்று நின்றது.

என் கன்னம் ஈரமாக இருந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

ரஃபீக் கேமராவை இறக்கிவிட்டு என் கையைப் பிடித்து உலுக்கினான். "கேட்டியா? சொல்லுடா!"

"மெதுவா ஆரம்பிச்சுது. ஒரே சீரா வந்துச்சு. அப்புறம் நடுவுல 'குக்'குனு ஒண்ணு சேந்துச்சு. வேகம் புடிச்சுது. ஏறி ஏறி, டக்குனு நின்னுச்சு. கிறீச்சு எதுவும் இல்ல. ஊர் ஆந்தை இல்லடா இது."

"காட்டு ஆந்தை!" என்று குதித்தான். "அல்லா! நான் சொன்னேனா இல்லையா? பட்டைதான், புள்ளி இல்ல!" என்னைக் கட்டிக்கொண்டான். தோல்காரனின் கை, இரும்பு மாதிரி இறுக்கியது. உடனே போனை எடுத்தான். "இப்பவே போட்டுடுவோம். ஏகா, அதுக்கு முன்னாடி சின்னதுங்க கத்துச்சே, அதையும் நீயே சொல்லு. எது எப்படிக் கத்துச்சு? உன் காது பேரச் சொல்லியே போடறேன்."

எதையாவது அடித்துவிட்டிருக்கலாம். தேன்சிட்டு இப்படி, தையல்சிட்டு அப்படி என்று சின்ன வயதில் கேட்டதை எடுத்து விட்டிருக்கலாம். வாய் வரவில்லை. உண்மையாகக் கேட்ட ஒன்று இப்போது என்னிடம் இருந்தது. அதன் பக்கத்தில் பொய்யை வைக்க மனசு ஒப்பவில்லை.

"ரஃபீக்கு, அதெல்லாம் எனக்குக் கேக்கலடா."

"கவனிக்கலையா?"

"கேக்கலடா. காது போச்சு. தறி தின்னுடுச்சு. குருவி கிருவி எதுவும் கேக்காது. வருஷக்கணக்காச்சு. நீ பேசறதையே வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்கறேன். வண்டில பின்னாடி உக்காந்தா ஒண்ணுமே தெரியாது."

அவன் போனை இறக்கினான். என்னை மேலும் கீழும் பார்த்தான். இனி இவனும் நம்மைக் காலையில் கூப்பிட மாட்டான் என்று நினைத்துக்கொண்டு அவன் உதட்டையே பார்த்தேன்.

"அடப்பாவி" என்றான். "தெனம் வண்டில வர்றப்ப என் மவ கஷ்டத்தயெல்லாம் உன்கிட்ட சொல்லிக்கினு வந்தேனே?"

"ஒண்ணுகூடக் கேக்கல."

"கடைசில 'எல்லாம் நல்லபடியா முடியும்டா'ன்னியே?"

"எதுக்கும் ஆவும்னு சொன்னேன்."

அவனுக்குக் கோபம் வந்தது, முகம் சிவந்தது. என்னை அடித்துவிடுவானோ என்றுகூட நினைத்தேன். சட்டென்று தலையைக் காட்டுப் பக்கம் திருப்பினான், கை உயர்ந்தது. நம் ஆந்தையும் தலையைத் திருப்பி அதே பக்கம் பார்த்தது.

"இன்னொண்ணு பதில் சொல்லுது" என்றான், என் பக்கம் முகத்தை முழுசாகத் திருப்பி. "தூரத்துல. கேக்குதா?"

கேட்டுப் பார்த்தேன். இரைச்சல்தான் இருந்தது. "இல்ல" என்றேன். கேக்குதா என்று கேட்ட வெளியாள் ஒருவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ரஃபீக் என் மணிக்கட்டைப் பிடித்தான். வரப்போடு ஒட்டி, காட்டுப் பக்கம் போகாமல், பக்கவாட்டில் கொஞ்ச தூரம் கூட்டிப்போய் நிறுத்தினான்.

"இப்ப?"

"இல்ல."

இன்னும் கொஞ்சம் நடந்தோம். அவனுக்கு முட்டிவலி, வரப்பில் சறுக்கிச் சறுக்கித்தான் நடப்பான். பிடியை விடவில்லை.

"இப்ப?"

"இல்லடா. விடு, பரவால்ல."

"மூடிக்கினு வா."

தோப்பின் மூலை வரை போய்விட்டோம். பனி நனைத்து வேட்டி காலில் ஒட்டியது. அவன் நின்றான், என்னையும் நிறுத்தினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எதுவும் இல்லை, எதுவும் இல்லை. பிறகு இரைச்சலுக்கு அந்தப் பக்கம், எங்கேயோ மலைச்சரிவில், ஒரு க்ராவ். இடைவெளி. இன்னொரு க்ராவ்.

"கேக்குது!" என்று கத்திவிட்டேன். "ரஃபீக்கு, கேக்குதுடா!"

இரண்டு ஆந்தைகளும் கப்பென்று வாயை மூடிக்கொண்டன.

ரஃபீக் என் முகத்துக்கு நேரே வந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாக, நான் படிக்கும்படி சொன்னான்:

"மெதுவா சொல்லேன்டா. அதுங்களுக்கு நல்லா காது கேக்கும்."